பெல் மாமாவின் நாடாப்புழு

1. ராபர்ட்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேபில், காலை இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
2. பெல் மாமா வந்து அதன் பக்கத்தில் ஓர் ஊறுகாய் பாட்டிலை வைத்தார்.
3. பாட்டிலுக்குள் வெள்ளை ரிப்பன் துண்டு ஒன்று நெளிந்தது.
4. பொட்டலத்தை மூடினேன்.

தன் வயிற்று நாடாப்புழுவைப் புது மாப்பிள்ளை போல அறிமுகப்படுத்தும் மனிதர் கேஜிஎஃப் முழுக்கத் தேடினாலும் இவர் ஒருவர்தான். தங்கச் சுரங்க ஷாஃப்டில், ஆட்களைச் சுமக்கும் கேஜ் ஏறி இறங்கப் பெல் அடித்தவர். சுரங்கத்தை மூடினார்கள், இவர் வாயை யாராலும் மூட முடியவில்லை.

“இன்னாம்மா டாக்டரு, எப்டிக்கீறான் பாரு!”

“நான் டாக்டர் இல்ல மாமா. மாட்டுக்கறிய நல்லா வேகவெச்சுத்தானே சாப்பிடறீங்க?”

“முழுசா வெந்தா செருப்பு மாதிரி ஆயிடும்மா. அரை வேக்காடுதான் ருசி.”

“வெளிக்கு எங்க போறீங்க?”

“சயனைடு மேட்டுக்கு. அந்த மண்ணுல எந்தக் கிருமி பொழைக்கும்? உங்க லேப விட சுத்தம்!”

சயனைடு ஊற்றித் தங்கம் பிரித்த அந்தக் கழிவு மண் மேடு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று மாரிகுப்பத்தில் அவர் குடியிருக்கும் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் மொத்தமும் நம்புகிறது. வீட்டுக் கழிப்பறையில் அடைத்து வைத்திருப்பது அவருடைய பசு செவலைக்கான வைக்கோல்.

மாத்திரையும் வேண்டாமாம். “அவன் பாட்டுக்குக் கீறான், உனக்கின்னா?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தாளில் வட்டம் வரைந்தேன்: மனிதன், மேடு, புல், மாடு, கறி, மறுபடி மனிதன். “புழு முட்டை மழையில மேட்டுலேர்ந்து எறங்கிப் புல்லுல ஒட்டும். மாடு மேஞ்சா, சதைக்குள்ள கொப்புளம் கட்டும். வெளிய ஒண்ணுமே தெரியாது.”

மாமாவின் விரல் மாட்டின் மேல் நின்றது. மேட்டடியில் தினமும் மேய்வது செவலை.

“அப்ப... அவளுக்கு நான் குடுத்துட்டனா?”

“தெரியல மாமா.”

டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கி வந்து, என் எதிரிலேயே விழுங்கினார்.

தொல்லை அதற்குப் பிறகுதான். கழிப்பறை வைக்கோல் கட்டிலுக்குப் போனது, மாமா தரைக்கு வந்தார். விடிந்தால் மேட்டில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு நிற்கிறார். சொம்போடு யார் வந்தாலும் டங், டங். உட்கார்ந்தவர்களுக்கும் விலக்கு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா லேபுக்கே வந்து கத்தினார்: “எல்லாம் உன்னாலதான்மா! அந்த சத்தத்துல வர்றதும் உள்ள போய்டுது!”

“உங்க வீட்டுக் கக்கூஸ்ல இன்னா இருக்குக்கா?”

“வெறகு.”

நிலவரம் இதுதான். மாமாவின் வயிறு சுத்தம். லைன் வீடுகளில் இன்னும் சிலர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் மேட்டின் மறுபக்கம் போகிறார்கள். செவலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு அவர் விடமாட்டார். நானும் விடமாட்டேன்.