சிவப்பு முதல், கறுப்பு பிறகு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எத்தனை ஒழுங்கைகள் உண்டோ அத்தனையிலும் தேடினாலும், பற்றரி அங்கிளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. இடி மின்னலுக்குப் பயமில்லை, கடலுக்குப் பயமில்லை, அவர் மனைவி அன்ரிக்குக்கூட அவ்வளவாகப் பயமில்லை. கார் பற்றரி ஒன்றுக்குத்தான் பயம். அந்தப் பயத்தினால்தான் எங்கள் தொடர்மாடியில் நின்ற ஒன்பது கார்களின் பற்றரிகளையும் தன்னைத் தவிர வேறு எவரையும் அவர் தொட விடவில்லை.

அவரிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருந்தார். அவருடைய சொத்து ஒரு சார்ஜர், இரண்டு ஸ்பானர், தேய்ந்துபோன ஒரு பல் தூரிகை, நீச்சல்காரர்கள் போடுகிற ஒரு கண்ணாடி. இல்லாதது ஒன்றே ஒன்று, இடது புருவம். அது எங்கே போனது என்று ஒழுங்கையில் பல கதைகள் இருந்தன. நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"சார்ஜரை நிப்பாட்டாமல் கிளிப்பைக் கழட்டினனான், தம்பி. சின்னப் பொறி ஒண்டு. பற்றரிக்குள்ள இருந்து வாற காஸ் பத்திச்சுது. மூடி தெஹிவளைப் பக்கமாப் போச்சு. புருவம் எந்தப் பக்கம் போனதெண்டு நான் பாக்கேல்லை."

அன்றிலிருந்து அவர் ஒரு பற்றரியைப் பூட்டுவது கோயில் கொடியேற்றத்தை விடச் சற்று நீளமான நிகழ்ச்சியாகிவிட்டது. முதலில் சார்ஜரின் சுவிட்சை நிறுத்துவார். பிறகு சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றுவார். அதன் பிறகுதான் கிளிப். அப்புறம் காற்றாடட்டும் என்று எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்வார். மோதிரம், மணிக்கூடு, கைச்சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். அவர் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கிறவர்களும் கழற்ற வேண்டும். முதல் மாடி ஃபாரூக் நானா ஒருமுறை சிகரெட்டோடு எட்டிப் பார்த்துவிட்டார். அங்கிள், பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை எடுத்துச் சிகரெட்டின் மேல் ஊற்றினார். சிகரெட் அப்போது நானாவின் வாயில் இருந்தது.

"இது வெடிக்கிற பொம்பா அங்கிள்? பற்றரி தானே!" என்றார் நானா, தாடியைப் பிழிந்தபடி.

"என்ர புருவத்தைப் பாத்திட்டுச் சொல்லும்," என்றார் அங்கிள்.

அவருடைய வேதம் ஒரே வரிதான். கழற்றும்போது கறுப்பு முதல், பூட்டும்போது சிவப்பு முதல். சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு, கறுப்பு வயர் கழித்தல் முனைக்கு; கறுப்பு பூட்டியிருக்கும்போது சிவப்பில் ஸ்பானர் வைத்து, அந்த ஸ்பானர் காரின் இரும்பில் பட்டால் வாணவேடிக்கைதான் என்பது விளக்கவுரை. இதை அவர் கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். பாட்டுப் போட்டபடி பேக்கரிப் பாண் விற்க வரும் சிங்கள மனிதர் ஒருவரின் ஓட்டோ ஒருநாள் ஒழுங்கையின் நடுவே நின்றுவிட்டது. பாட்டே பற்றரியைக் குடித்துவிட்டிருந்தது. அங்கிள் சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். ஆனால் தன் வேதத்தைச் சிங்களத்தில் மூன்று தரம் ஒப்புவிக்க வைத்த பிறகுதான் அந்த ஆளை ஓட்டோவில் ஏறவிட்டார். அதற்குப் பிறகு பாண்காரர் அங்கிளைக் கண்டால் காலை வணக்கம் சொல்வதில்லை. "இஸ்ஸெல்லா ரத்து, ஈட்டபஸ்ஸே களு!" என்று, சிவப்பு முதல், கறுப்பு பிறகு என்பதைச் சிங்களத்தில் கத்திவிட்டுப் போவார். அங்கிள் பல்கனியில் நின்று ஆசீர்வாதம் பண்ணுவார்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. வாகனங்கள் ஓடாமல் நின்றன. நின்ற வாகனங்களின் பற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. நாடே கவலைப்பட்ட அந்த நாட்களில் அங்கிளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

என் மனைவி தர்சினிக்கு அப்போது நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சத்திரசிகிச்சைதான், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வலி தொடங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதையும் இரண்டு தரம் சொன்னார். ஆஸ்பத்திரி ஆறேழு கிலோமீற்றர் தள்ளி, பொரளைப் பக்கம். ஓட்டோ கிடைக்காது. ஆகவே நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இரண்டு நாள் வரிசையில் நின்று பெற்றுக்கொண்ட ஆறு லீற்றர் பெற்றோலையும் அந்த வியாழக்கிழமைக்காகச் சேமித்து, காரை ஆறு வாரம் அங்கிளும் தொடாமல் மூடி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காரின் திறப்பைப் போட்டுத் திருகினால் 'டிக்' என்றது. அதோடு சரி. மற்ற எட்டுக் கார்களுக்கும் அங்கிளின் புண்ணியத்தில் பற்றரி இருந்தது, பெற்றோல் இல்லை. என்னிடம் பெற்றோல் இருந்தது, பற்றரி இல்லை.

அங்கிள் பற்றரியைக் கழற்றித் தன் வீட்டு யன்னலடியில் வைத்தார். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி, மின்சாரம் வரும்போது போட்டு, போகும்போது கழற்றி, புதன் மாலை கொண்டுவந்து காருக்குள் இறக்கினார். அதற்குள் இருட்டிவிட்டது.

"ரோர்ச் வெளிச்சத்தில நான் பூட்டமாட்டன். காலமை ஆறரைக்கு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படாது."

ஆனால் காலை ஆறு மணிக்கே தர்சினிக்கு வலி எடுத்துவிட்டது. அங்கிளைக் கூப்பிட்டால் முதலில் நகைகளைக் கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். நானே ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

பொனட்டைத் திறந்தேன். பிரமாதமான தெளிவு. ஒரு முனை சிவப்பு. மற்ற முனையின் பக்கத்தில் கோடுகள், அதாவது கழித்தல் குறி. ஒன்றல்ல, மூன்று. வேதம் எனக்கும் பாடம்தானே. சிவப்பு வயரைச் சிவப்பு முனையில் மாட்டினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது, கொஞ்சம் தொளதொளத்தது. கறுப்பு வயரின் வளையம் மற்ற முனைக்குச் சிறிதாகத் தெரிந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு அதை அகட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி! கையை எடும்!"

மாடிப்படியில் அங்கிள். இடுப்பில் சாரம், பெனியன், நீச்சல் கண்ணாடி. ஒரு கன்னம் மழித்தபடி, மறு கன்னம் முழுக்க சோப்பு நுரை.

"என்ன ஐசே செய்யிறீர்?"

"சிவப்புக்குச் சிவப்பு, அங்கிள்."

"எது சிவப்பு?"

காட்டினேன். வந்து, நான் மாட்டிய சிவப்பு வயரைக் கழற்றித் தள்ளி வைத்தார். அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, மணந்து பார்த்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். குங்குமம். அதன் கீழே கழித்தல் குறி இருந்தது. மற்றப் பக்கத்தில் இருந்த மூன்று கோடுகளையும் வழித்து, அதையும் நெற்றியில் பூசிக்கொண்டார். விபூதி. அதன் கீழே கூட்டல் குறி. கறுப்பு வளையம் அதில் தொட்டிருந்தால் கார் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காது.

தர்சினி கடைசிப் படியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, நேற்றுப் பொட்டு வைச்சது நீங்களோ?"

"ஓம் அங்கிள். நல்லபடியாப் போய்ச் சேரோணுமெண்டு..."

"நல்ல விசயம். இனிமேல் பொட்டை ரயரோட நிப்பாட்டுங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மோதிரம்."

கலியாண மோதிரம் கழலவில்லை. இரண்டு வருடத்தில் நான் கொஞ்சம் தடித்திருந்தேன். அங்கிள் தன் கன்னத்து நுரையை ஒரு விரலால் வழித்து என் விரலில் தேய்த்தார். மோதிரம் வந்துவிட்டது.

"அங்கிள், எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு," என்றாள் தர்சினி.

"மூச்சை இழுத்து விடுங்கோ பிள்ளை. நாலு நிமிசம்."

முனைகளைப் பல் தூரிகையால் தேய்த்தார். சிவப்பை மாட்டி, முறுக்கி, ஆட்டிப் பார்த்து, அதன் பிளாஸ்டிக் மூடியைப் போட்டார். பிறகு கறுப்பு. முறுக்கினார், ஆட்டிப் பார்த்தார். முடித்ததும் புருவம் இல்லாத இடத்தை ஒருதரம் தடவிக்கொண்டார். நாலு நிமிடம் என்றார், நாலு நிமிடம்தான்.

திறப்பைத் திருகினேன். முதல் தரத்திலேயே எடுத்தது. பற்றரி கழன்றிருந்ததில் காரின் மணிக்கூடு நண்பகல் பன்னிரண்டு என்றது. அங்கிள் முன் கதவைத் திறந்து ஸ்பானரோடு ஏறி உட்கார்ந்தார்.

"நீங்கள் எங்க அங்கிள்?"

"சிக்னலில நிண்டா ஆர் பாக்கிறது? எடும் காரை."

வழியில் ஏசி போட விடவில்லை, ஹோர்ன் அடிக்க விடவில்லை. தேவையும் இருக்கவில்லை. தர்சினி போட்ட சத்தத்தில் காலி வீதியில் போன சைக்கிள்கள் எல்லாம் தாமாகவே ஒதுங்கின. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி நேரே உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று தாதி சொன்னார்.

எட்டரை மணிக்கு மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். அவளைப் பார்த்துவிட்டு, முதலில் அங்கிளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடினேன். கார் மட்டும் நின்றது. காவலாளி வந்து சிங்களத்தில் விசயத்தைச் சொன்னார். அந்த ஐயா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காவலாளியையே உள்ளே அனுப்பி விசாரித்தாராம். இரண்டு பேரும் சுகம் என்று கேட்டதும் எழுந்து நடந்தே வெள்ளவத்தைக்குப் போய்விட்டாராம். தன்னை ஏற்றி இறக்கி வீணாக்க வேண்டாம், மிச்சப் பெற்றோல் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரத் தேவைப்படும் என்று என்னிடம் சொல்லச் சொன்னாராம்.

பெனியனோடு, பாதி மழித்த முகத்தோடு, அந்த வெயிலில். மகளைக் கையில் வாங்கியபோதுகூட அழாத நான், அந்தக் காரில் சாய்ந்து நின்று, என்னைப் பெற்றவரை நினைத்து அழுவதுபோல அவரை நினைத்து அழுதேன்.