ஏரிப் பள்ளிக்கு ஒரு திருகாணி

கண்ணாடிக்கடைக்காரர் அன்று ஒரு முடிவுக்கு வந்தார். மகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பப் போவதில்லை. கூடவே, அதைவிட முக்கியமான இன்னொரு முடிவுக்கும் வந்தார். அனுப்பப் போவதில்லை என்பதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது முடிவுக்குக் காரணம் அவருடைய மனைவி. அவள் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் டியூட்டி போடுகிறவள். யாருக்கு எந்த வண்டி, யாருக்கு எந்த ஊர் என்று தினமும் தீர்மானிப்பது அவள்தான். வயிற்றுவலி என்று லீவு கேட்டு வருகிற டிரைவருக்கு நிஜமாகவே வயிற்றில் வலியா, இல்லை மாமனார் வீட்டில் விருந்தா என்பதை அவர் வாசற்படி ஏறுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு எதிரே நின்று 'முடியாது' என்று சொல்லி ஜெயித்தவர் டிப்போவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. கல்யாணமான புதிதில் கடைக்காரர் முயன்று பார்த்திருக்கிறார். முயற்சி செய்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. என்ன விஷயத்துக்காக என்பதைக்கூட அவள் மறக்கடித்துவிட்டாள்.

எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தது மகள். அவளை வீட்டில் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். தவழ்கிற வயதிலிருந்து அப்பாவின் கடைக்குள் புகுந்து, கண்ணாடிச் சட்டங்களின் குட்டித் திருகாணிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டியவள். இப்போது ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அறிவித்தாள்.

"அடுத்த வருஷம் நான் ஏரிப் பள்ளியிலதான் படிக்கப் போறேன்."

"அது எங்கம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"பஸ்ல போனா மூணு மணி நேரம். ஏரிக்கரையிலயே இருக்கு. அங்க பிள்ளைங்களே படகு செய்றாங்கப்பா. செஞ்சதை அவங்களே தண்ணியில விட்டுப் பாக்குறாங்க. முழுகினா மறுபடி செய்யணும். யாரும் திட்ட மாட்டாங்க."

"அங்கேயே தங்கணுமே."

"ஆமா. அதுக்கென்ன?"

அந்த 'அதுக்கென்ன' கடைக்காரருக்குச் சோற்றோடு சேர்ந்து தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார்.

மனைவி சொன்னாள்: "நல்ல பள்ளிக்கூடம்தான். ஆனா இடம் கிடைக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க. எழுதிப் பாக்கட்டுமே. நீங்க என்ன சொல்றீங்க?"

இந்த இடத்தில்தான் கடைக்காரருக்கு மூளை வேலை செய்தது. இடம் கிடைப்பது கஷ்டம் என்றால், அதைவிடக் கஷ்டமான இடமும் ஒன்று இருக்கத்தானே வேண்டும். இருந்தது. மலைப் பள்ளி. பெரிய டாக்டர்களும் நீதிபதிகளும் பிள்ளை பிறந்த கையோடு பெயரைப் பதிந்துவைக்கிற பள்ளி. அங்கே போட்டியிட்டால் திருகாணி தோற்பது உறுதி. தோற்றால் வீட்டோடு இருப்பாள். அப்பா மீது குற்றமே வராது.

"அனுப்புறதுன்னு வந்துட்டா எதுக்குப் பள்ளத்துல இருக்கிற ஏரிக்கு அனுப்பணும்?" என்றார். "உயரத்துக்கு அனுப்புவோம். மலைப் பள்ளிக்குப் போடுவோம்."

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள்.

"ஏன் அப்படிப் பாக்குறே? நம்ம பொண்ணுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்ல. எனக்கு இவ்வளவு பெருசா யோசிக்கத் தோணலையேன்னு பாத்தேன்."

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

திருகாணிதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "மலையில படகு இருக்காதேப்பா."

"அப்பா ஆசைப்படுறாரு" என்று அம்மா சமாதானப்படுத்தினாள். "அவருக்காக மலையை எழுது. உனக்காக ஏரியையும் எழுதிவை."

சதி செய்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. சதி செய்யவில்லை என்று காட்டிக்கொள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டும். மலைப் பள்ளி மீது தனக்குப் பைத்தியம் என்று வீட்டை நம்பவைப்பதற்காகக் கடைக்காரர் ஒரு கணக்கு வாத்தியாரை ஏற்பாடு செய்தார். வாத்தியார் போதாது என்று தானும் களத்தில் இறங்கினார். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் திருகாணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, குழிலென்ஸையும் குவிலென்ஸையும் கையில் கொடுத்து, வெளிச்சம் எங்கே வளைகிறது, எதற்கு வளைகிறது என்று சொல்லிக்கொடுத்தார். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தன் பழைய பாடப் புத்தகங்களைத் தேடி எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கே பிடித்துப்போயிற்று. சில நாள் வாடிக்கையாளர் வந்து நின்று தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

நடுவில் ஒருநாள் அவருக்குத் திடுக்கென்றது. பெண் கெட்டிக்காரியாகிக்கொண்டு வருகிறாள். கொஞ்சம் குறைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசித்தார். ஆனால் அவள் லென்ஸை வெயிலில் பிடித்து, புள்ளியாகக் குவிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வைக்குமுன் குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

மலைப் பள்ளிப் பரீட்சை அன்று மூவரும் போனார்கள். கடைக்காரர் மற்ற அப்பாக்களோடு மண்டபத்துக்கு வெளியே உலாத்தினார். எல்லோரும் தங்களுக்கே பரீட்சை என்பது போல வியர்த்துக்கொண்டிருந்தார்கள். திருகாணி சாவகாசமாக வெளியே வந்தாள்.

"எப்படிம்மா எழுதினே?"

"கணக்கெல்லாம் சுலபம். கட்டுரைதான் எழுதலை."

"ஏன்?"

"'நீ உலகத்துக்கு எப்படித் தலைமை தாங்குவாய்'னு கேட்டிருந்தாங்கப்பா. உலகம் என்னைக் கேக்கலையேன்னு ஒரு வரி எழுதிட்டு வந்துட்டேன்."

மலைப் பள்ளி அவளை வேண்டாம் என்றது. செய்தி வந்த அன்று கடைக்காரர் சோகத்தைக் கச்சிதமாக நடித்தார். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை என்று தட்டை ஒதுக்கினார். பிறகு கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பன் சாப்பிட்டார்.

"மனசை விட்டுடாதீங்க" என்று மனைவி அன்று முழுக்கத் தேற்றினாள். "அதான் ஏரி இருக்கே."

ஏரிப் பள்ளிப் பரீட்சையில் திருகாணி முதலாவதாக வந்தாள்.

கடைக்காரர் இப்போது நிஜமாகவே சோகமானார். ஆனால் அதை வெளியில் காட்ட முடியாமல் சிரித்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. நடிப்பில் இதுதான் கஷ்டமான பாகம்.

"இன்னும் முடியலை" என்றாள் மனைவி. அவர் கண்ணுக்கு அவள் கவலைப்படுவது போலத்தான் தெரிந்தது. "இனிமேதான் முக்கியமான கட்டம். அங்க அப்பா அம்மாவைக் கூப்பிட்டு உக்காரவச்சுப் பேசுவாங்களாம். பாதிப் பேரு அதுலதான் கழியிறாங்க. நீங்கதான் பேசணும். எனக்கு டிப்போவுல பேசிப் பேசி அதட்டல்தான் வருது."

"என்ன பேசணும்?"

"எதை வேணும்னாலும் பேசுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் வாயில வந்திடக் கூடாது. பிள்ளையைப் பிரிஞ்சு இருக்க முடியாதுன்னு சொல்லிடாதீங்க. அதைக் கேட்டா அந்தத் தலைமையாசிரியைக்குச் சுத்தமாப் பிடிக்காதாம்."

"சேச்சே, நான் ஏன் அதைச் சொல்றேன்" என்றார் கடைக்காரர். மூழ்கப் போகிறவன் கையில் மரக்கட்டை அகப்பட்டது போல் இருந்தது அவருக்கு.

ஏரிப் பள்ளியின் தலைமையாசிரியை நரைத்த கிராப்பும் கனத்த கண்ணாடியுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி. கரையில் ஒரு பெரிய கொட்டகை. திருகாணி நேராக அங்கே ஓடிவிட்டாள். தலைமையாசிரியை குனிந்து எழுதும்போதெல்லாம் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. ஒரு விரலால் மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது.

"உங்க பொண்ணு இங்க எதுக்காகப் படிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"இங்க படிக்கக் கூடாதுன்னு நினைக்கிறேங்க" என்றார் கடைக்காரர்.

மனைவி பக்கத்தில் "என்னங்க" என்று மெல்ல முனகினாள். அந்த முனகல் அவருக்குத் தெம்பு கொடுத்தது. கண்ணாடி மறுபடி இறங்கியது. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. அதை இப்படிக் கொடுங்க, சரிபண்ணித் தரேன்."

தலைமையாசிரியை கழற்றிக் கொடுத்தார். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்தார். கை வேலையில் இறங்கியதும் வாய் தன் போக்கில் போக ஆரம்பித்தது.

"அவளைப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாதுங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, பையைக்கூடக் கழட்டாம கடைக்குள்ள வந்து நிப்பா. இன்னிக்கு யார் வந்தாங்க, யாருக்கு என்ன தெரியலைன்னு கேப்பா. அவ கேக்குறாங்கிறதுக்காகவே நான் வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கூடப் பேசுவேன். இனிமே யாருக்குச் சொல்றதுக்காகப் பேசணும்? உங்க சட்டத்துல பாருங்க, இந்த ஓரத்துல திருகாணி தளர்ந்திருக்கு. கண்ணுக்கே தெரியாது. ஆனா அது இல்லைன்னா லென்ஸு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். எங்க வீடும் அப்படித்தான்."

சொல்லும்போது அது தந்திரமாகத்தான் ஆரம்பித்தது. எந்த இடத்தில் தந்திரம் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. திருப்புளியின் முனை மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கே கண் தெரியாமல் போயிற்று. தட்டுத்தடுமாறி முறுக்கி, துடைத்து, திருப்பிக் கொடுத்தார்.

தலைமையாசிரியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கண்ணாடி நின்றது.

"காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் என் பிள்ளையை என்னவா ஆக்கித் தருவீங்கன்னுதான் கேட்டாங்க" என்றார். "தையல்கடையில துணியைக் கொடுத்துட்டு என்னிக்குக் கிடைக்கும்னு கேக்குற மாதிரி. தர மாட்டேன்னு சொல்ல வந்தவர் நீங்க ஒருத்தர்தான். வீட்டுல தன்னைத் தேட ஆள் இருக்குன்னு தெரிஞ்ச பிள்ளைங்கதான் எங்க கொண்டுபோய் விட்டாலும் தைரியமா நிக்கும். உங்க பொண்ணை நாங்க எடுத்துக்குறோம்."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகையிலிருந்து திருகாணி ஓடிவந்தாள். தலை நிறைய மரத்தூள். விஷயம் தெரிந்ததும் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உங்களாலதான் கிடைச்சுதாப்பா?"

அவர் என்ன சொல்வார். "ஆமாம்மா" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன உண்மைகளிலேயே கசப்பானது அதுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கசப்பு பாதி கரைந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் திருகாணி முன் சீட்டுக்குப் போய், டிரைவர் கியர் மாற்றுவதை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அங்க அப்படித்தான் சொல்லுவேன்னு உனக்குத் தெரியுமா?"

"நீங்க சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"சொல்லாதீங்கன்னு சொன்னியே."

"சொல்லுங்கன்னு சொல்லியிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தார். மாட்டார். மகளை இங்கே படிக்கவைக்க அரிய சந்தர்ப்பம் என்று பெருமையாக நாலு வார்த்தை பேசிவிட்டு, துணி கொடுத்தவர்கள் வரிசையில் தானும் நின்றிருப்பார்.

"அப்ப மலைப் பள்ளி?"

"அது உங்க யோசனைதானே. நல்ல யோசனை. நான் வாத்தியார் வைக்கணும்னு சொல்லியிருந்தா, பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு வாத்தியார்னு கேட்டிருப்பீங்க. நீங்க ராப்பகலாச் சொல்லிக்கொடுத்ததுலதான் அவ ஏரியில முதலா வந்தா."

கடைக்காரருக்குக் கோபம் வர வேண்டும். வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தார். வரவில்லை. கைதேர்ந்த ஒருவர் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பிசிறில்லாமல் உட்காரவைப்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம்தான் வந்தது. தேய்க்கப்பட்டது தானே என்றாலும் வேலை வேலைதான்.

"எனக்குக் கிட்டப்பார்வை" என்றார். "உனக்குத் தூரப்பார்வை."

"கண்ணாடி போட்டுக்குங்க."

"இதுக்குப் போடுற கண்ணாடியை நான் இன்னும் பாக்கலை."

அவள் சிரித்தாள். பஸ் ஏரிக்கரை ஊரின் கடைத்தெரு வழியாக ஊர்ந்தது. மருந்துக்கடை, சைக்கிள் கடை, துணிக்கடை என்று பார்த்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறுத்தத்தில் ஒருவர் பஸ்ஸின் பெயர்ப் பலகையைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் சுருக்கினார்.

"இந்த ஊர்ல ஒரு கண்ணாடிக்கடைகூட இல்ல."

"அப்படியா?"

"நம்ம கடையை இங்க மாத்திடறேன். ஞாயித்துக்கிழமை அவளைப் பாத்துக்கலாம்."

மனைவி பதறினாள். "அவசரப்படாதீங்க. பழகின இடம், பழகின ஆளுங்க. அதை விட்டுட்டு யாராவது வருவாங்களா? அதெல்லாம் வேண்டாங்க."

இத்தனை நாளும் ஏமாந்ததற்குச் சேர்த்துவைத்து ஒரு உறுதி அவருக்குள் எழுந்தது. "பள்ளிக்கூட விஷயத்துல உன் இஷ்டப்படி நடந்தாச்சு. கடை விஷயத்துல நான் வச்சதுதான் சட்டம்."

"உங்க இஷ்டம்" என்று அவள் பெருமூச்சுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைக்காரர் காலரைச் சரிசெய்துகொண்டார். பஸ் அந்த ஊர் டிப்போவுக்குள் நுழைந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு டைம் கீப்பர் ஓடிவந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்.

"அக்கா, நீங்க கேட்ட மாத்தல் உத்தரவு போன மாசமே இங்க வந்திடுச்சு. ஒண்ணாம் தேதி சேர்றீங்கதானே?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணாம் தேதிதான்" என்றார் கடைக்காரர். "நானும் அதைத்தான் நினைச்சிருந்தேன்."