விளக்கெண்ணெய் வேண்டாம் அக்கா

அன்புள்ள அக்கா அஞ்சலாட்சிக்கு, புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து தம்பி முகிலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், கவிநிலா, உன் இரண்டு மாத மருமகன் நிலவன் மூவரும் நலம். அங்கு உன் நலத்தையும், நீ எடுத்துவைத்திருக்கும் விளக்கெண்ணெய் பாட்டிலின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. அதனால் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு மீன் எடுக்க வந்த மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நிலவன் வெளிக்குப் போய் இன்றோடு ஏழு நாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெயும் வெற்றிலைக் காம்புமாக நீ வரப்போவதாகக் கேள்வி. வராதே. முதல் மாதம் அவன் நாளுக்கு எட்டுத் தடவை மஞ்சள் மஞ்சளாகப் போனபோது, "வயித்தால போவுதுடா, அவ பாலு ஒத்துக்கல" என்றாய். இப்போது போகவில்லை, அதற்கும் "பாலு சரியில்ல" என்கிறாய். போனாலும் அவள் குற்றம், போகாவிட்டாலும் அவள் குற்றம். மேல்வீட்டு சந்திரகலா பால்பவுடர் டப்பாவோடு வந்து நிற்கிறார். கவிநிலா அழுதுகொண்டேதான் பால் கொடுக்கிறாள். இன்னும் ஒருத்தர் வாயைத் திறந்தால் கொடுப்பதையே நிறுத்திவிடுவாள். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எடை பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ஒன்னுக்குப் போறானா?" என்றார். "ஒரு நாளைக்கு எட்டுத் துணி நனைக்கிறான் மேடம்." "நல்லா குடிக்கிறான், எடை ஏறியிருக்கு, வயிறு மெத்துன்னு இருக்கு. தாய்ப்பால் குடிக்கிற புள்ள இந்த வயசுல ஒரு வாரம்கூட போவாம இருக்கும். போறப்ப எளக்கமா போனா சரி. வயிறு உப்புனா, வாந்தி எடுத்தா, ரத்தம் பட்டா உடனே தூக்கியாங்க. காம்பு கீம்பு வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மறுநாள் சூப்பர்வைசர் விஜயராகவன், "கொழந்த கக்கூஸ் போவலன்னு எவனாவது லீவு போடுவானாய்யா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எங்கள் கம்பெனியில் கக்கூசுக்குப் போக நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார்கள். நம் குடும்பத்தில் தன் இஷ்டத்துக்குப் போகிற ஒரே ஆள் நிலவன்தான். அவனுக்கும் நோட்டுப் போடாதே அக்கா. என்னைப் பார், கொஞ்சமும் பதறாமல் இருக்கிறேன்.

உன் ஆசீர்வாதம் அவன் தலையில் மட்டும் இருக்கட்டும், கீழே வேண்டாம்.

தம்பி,
முகிலன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே நிலவன் போய்விட்டான். பாய், போர்வை, என் யூனிபார்ம் எல்லாம் மஞ்சள். இளக்கம்தான். கவிநிலா இந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ வா. எண்ணெயையும் கொண்டு வா. அவனுக்கு இல்லை, எனக்கு நாலு நாளாகிறது.