கங்காதரன் பாடு

உலகில் பறவையினம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து அதைப் படம் பிடிக்கும் பெருமக்கள்தான். இந்த உண்மை கோட்டைக்குப்பம் கங்காதரனுக்கு அதுவரை தெரியாது. பாவம், மீன் பிடித்தே காலத்தை ஓட்டிவிட்டான்.

அன்று அவனுடைய பாடு. ஏரியில் இறால் ஓடும் இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். அதற்குத்தான் பாடு என்று பெயர். விட்டால் போயிற்று. ஊரைச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி வரும்.

வலையோடு படகேறப் போனவனைச் "சிறகுக் காவலர் பேரவை"த் தலைவர் தமிழ்வேந்தன் மறித்தார். ஒரு மரம்கூட இல்லாத அந்தத் தண்ணீர் வெளியில் தம்மை மறைத்துக்கொள்ள இலை இலையாக அச்சடித்த சட்டை போட்டிருந்தார். எதிரே பூநாரைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது.

"இறங்காதீங்க! பறவைகளுக்கு இடையூறு!"

"அதுங்க தெனமும் நம்மள பாக்குதுங்க சார். இன்னிக்கு எம் பாடு. எம் பாட்ட கெடுக்காதீங்க."

"பாட்டா?" தலைவர் நெகிழ்ந்துபோனார். "மண்ணின் இசை! நான் சொல்லும்போது பாடுங்க."

"பாட்டு இல்ல சார், பாடு! தண்ணி வத்திக்கினு கீது, எறா போயிடும்."

"கூச்சப்படாதீங்க. அதுக்குள்ள இறங்கினா மேலிடத்துக்குப் போன் போட வேண்டியிருக்கும்."

எந்த மேலிடமோ என்று கங்காதரன் நின்றுவிட்டான்.

கேமராக்கள் காத்திருந்தன. பூநாரை பறந்தால்தான் இறக்கையின் சிவப்பு தெரியும். சிவப்பு தெரிந்தால்தான் புகைப்படப் போட்டியில் பரிசு. அதுகளோ தலையைக்கூடத் தூக்கவில்லை. பறவையை விரட்டக் கூடாது என்பது பேரவையின் முதல் விதி. விதியை மீறத் தலைவரின் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கங்காதரனைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பப் பாடுங்கண்ணே! கையைத் தூக்கி, சத்தமா!"

வலை கட்டும் இடத்தில் அதற்குள் சேறு தெரிந்தது. கங்காதரன் இரண்டு கையையும் தூக்கி அலறினான்.

"எம் பாடு போச்சே!"

பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. வானம் சிவந்தது. "ஆகா, என்ன குரல் வளம்!" என்றபடி தலைவர் படமாக எடுத்துத் தள்ளினார்.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. யாரோ அனுப்பி, அது கங்காதரனின் மனைவி கஸ்தூரியம்மாளின் போனுக்கே வந்து சேர்ந்தது. மேலே பூநாரைகள், கீழே கை தூக்கி, வாய் பிளந்து கங்காதரன்.

"இன்னா எழுதிக்கீது?" என்றான்.

"படத்துக்குப் பேரு இடையூறுன்னு போட்டுக்கீது."

"யாரு பண்ணதுன்னு போட்டுக்கீதா?"

கஸ்தூரியம்மாள் போனைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"போட்டுக்கீதே. தமிழ்வேந்தன்."