மூலநிரலார் வரைபட மென்பொருள் கட்டிய படலம்

வாழ்க மூலநிரலார்! கருந்திரையில் வெள்ளெழுத்து ஓடக் கண்டாலன்றிக் கண்ணுறங்காக் கொற்றவர். பிறர் கட்டிவைத்த மென்பொருளைத் தொட்டால் தீட்டென்று விலகிய தூயவர். மனைவியின் தம்பிக்கு ஒரு வரைபடம் கடன்பட்டிருந்தும் தலை தாழாது தெருவில் உலாவிய தகைமையர்! அன்னார் ஆற்றிய அரும்போரை உரைக்க, மடிக்கணினியின் வயிற்றுக்குள் ஓயாது அலறும் விசிறியே, நீயே வந்து துணை நில்!

மைத்துனன் குழாய் பதிக்கும் மேஸ்திரி. மண்ணுக்கடியில் எங்கோ குழாய் உடைந்து தெருவே காலிக் குடத்தோடு நின்றது. பழைய குழாய் ஓடும் வழியையும் வால்வுகள் புதைந்த இடங்களையும் அவன் கைபேசியோடு வெயிலில் நடந்து நடந்து குறித்து வந்திருந்தான். அந்தக் குறிப்புகளை ஒரு படத்தில் ஏற்றிக் கொடுத்தால், மாலை நான்கு மணிக்கு வரும் பொறியாளர் தோண்டச் சொல்வார். கொடுக்காவிட்டால் கூலியாட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

"அந்த மேப் சாஃப்ட்வேர் ரெடியாவே கிடைக்குதாமே மாமா? ஜெராக்ஸ் கடைக்காரர்கூட இறக்கி வச்சிருக்காரு" என்றான் மைத்துனன்.

எழுந்தது சிங்கம்! "இறக்கி வைக்கிறதெல்லாம் சோம்பேறிங்க வேலை, மச்சான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு வரியையும் எடுத்து என் கையால கட்டுறேன். உலகத்துல எவன்கிட்டயும் இல்லாத மாதிரி ஓடும் பாரு!"

"நாலு மணிக்குள்ள வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி. இத்தகைய சிறுகேள்விகளுக்கு வீரர்கள் விடை பகர்வதில்லை.

தொடங்கியது போர். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நல்லவர் சிலர் உலகுக்கு வழங்கிய மூலநிரலை வரிவரியாகக் கணினிக்கு ஊட்டி, அது மென்று செரித்துச் செயலியாக்கித் தரும்வரை விழித்திருப்பதே அப்போர். முதல் தாக்குதலிலேயே ஒரு துணைநிரல் காணவில்லை என்று படை நின்றது. அழைத்தார். வந்த துணைநிரலோ, என் தாய்மாமன் வராமல் வாசற்படி ஏறமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டது. தாய்மாமனை இழுத்துவந்தால் அவன் பழைய பதிப்பு, புதுப் பதிப்பை அழைத்தால் அவனுக்கும் முன்வந்தவனுக்கும் ஜென்மப் பகை. இப்படிச் சம்பந்திச் சண்டை தீர்த்து, சமாதானம் பேசி, கெஞ்சி, மிரட்டி, மலையேறும் யானைப்படை போல விழுக்காடு ஒவ்வொன்றாய் ஏற, மடிக்கணினி இஸ்திரிப்பெட்டியாய்க் கொதிக்க, தேநீர் ஆடை கட்டி ஆறிப்போக, தொண்ணூற்றேழைத் தொட்டது வெற்றிக்கொடி!

அப்போது தோன்றியது ஒரு மஞ்சள் வரி. பிழையன்று, எச்சரிக்கை மட்டுமே. இப்படி நிரல் எழுதும் முறை பழசு, பிற்காலத்தில் கைவிடப்படலாம் என்று பணிவோடு அறிவித்த ஓர் அப்பாவி வரி. பிறர் கொசுவாய் ஒதுக்கியிருப்பர். மானமே உயிரான மூலநிரலாரோ, "என் கட்டுமானத்துல மஞ்சளா?" என்று முழங்கி, போரை நிறுத்தி, அதுவரை வென்ற நிலம் அனைத்தையும் தம் கையாலேயே துடைத்தழித்து, முதல் வரியிலிருந்து மீண்டும் படையெடுத்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நான்கு மணிக்குச் சற்று முன், மஞ்சளின் சுவடுமின்றி முடிந்தது மகாயுத்தம். செயலி திறந்தது. மைத்துனனின் குறிப்புகளைப் பெருமிதத்தோடு ஏற்றினார். தெரு தெரிந்தது, வால்வுகள் தெரிந்தன, நாற்புறமும் நீலம் தெரிந்தது. வடக்கு தெற்குக்கான எண்ணைக் கிழக்கு மேற்கின் கட்டத்திலும், கிழக்கு மேற்குக்கானதை வடக்கு தெற்கின் கட்டத்திலும் மாற்றிக் கொடுத்திருந்தார் கோமகன். ஆகவே தெரு முழுவதும் பெயர்ந்து, கரையே காணாத நடுக்கடலில், சுறாக்களுக்குக் குடிநீர் இணைப்பு வழங்கக் காத்துக் கிடந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு தெருவே அழுதுச்சு. நல்ல மனுஷன், தெருவையே தூக்கித் தண்ணில போட்டுட்டீங்க."

கட்டங்களை மாற்றினால் கண்ணிமைக்கும் நேரத்தில் தெரு கரையேறியிருக்கும். ஆனால் தம்மீது குற்றமிருக்கக் கூடுமென்ற சிற்றெண்ணம் அப்பேருள்ளத்தில் நுழையுமோ? "கட்டினதுலதான் எங்கேயோ கோளாறு. எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து கட்டுறேன்! இந்தத் தடவை கடலே என் காலடிக்கு வந்து மன்னிப்புக் கேக்கும்!" என்று சூளுரைத்து, மூன்றாம் படையெடுப்புக்கு முரசறைந்தார். விசிறி அலறியது. விழுக்காடு ஒன்று என்றது. நான்கு மணி கடந்துவிட்ட அவ்வேளை தெருவிலிருந்து, தரையைக் கொத்தும் மண்வெட்டிகளின் ஓசை சன்னல் வழியே வந்தது.

"அங்க என்ன சத்தம்?" என்றார் வீரர், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

ஜெராக்ஸ் கடையிலேயே மத்தியானம் குறிப்புகளை ஏற்றிக் குழாய்ப் படத்தை எடுத்தாகிவிட்டதாகவும், மாமா இனி ஒன்றும் தர வேண்டாம் என்றும் மைத்துனன் சொல்லி அனுப்பியிருந்தான்.