ஸ்கொட்லாந்து யூனியனுக்காக நான் பேசிய பேச்சு

மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நேரம் சரியாக நினைவிருக்கிறது. பயத்தில் மகளின் முகத்தைப் பார்க்காமல் வகுப்பறைக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வந்து குடியேறிய மவுண்ட் ரோஸ்கில்லில் மகளின் பள்ளிக்கூடம். வரலாற்றுப் பாடத்துக்காக ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் முன்னால் பேச வேண்டும். அபிநயாவுக்குப் பதினாறு வயது. போன தவணை பேசப் போய், பாதியில் சொல் வராமல் அழுதுகொண்டு வெளியே ஓடியவள். இந்த முறையும் ஓடினால் அந்தப் பாடத்தில் சித்தி இல்லை, பெயில்தான். என் ஒரே வேலை வாயை மூடிக்கொண்டு இருப்பது. (காரில் வரும்போதே மூன்று தரம் சொல்லிவிட்டாள்.)

அவளுடைய தலைப்பு, முந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்கொட்லாந்துக்காரர் தொடங்கிய ஒரு கொம்பனி. பனாமாப் பக்கம் குடியேறி உலக வியாபாரத்தையே பிடித்துவிடலாம் என்று கப்பலேறியிருக்கிறார்கள். அந்தக் கொதிக்கிற வெயிலில் விற்க அவர்கள் கொண்டுபோனவை கம்பளித் துணியும் பொய்முடியும். (நான்கூட அதைவிடக் கெட்டிக்காரன்.) வாங்க ஆளில்லை. பெரும்பாலானோர் காய்ச்சலில் செத்துப்போனார்கள்.

“கொம்பனி விழுந்தது. யூனியன் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்” என்று ஆங்கிலத்தில் சொன்ன அபி, அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த அட்டைகளைப் புரட்டினாள். கதவைப் பார்த்தாள்.

நான் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் பதினொரு வருடமாகத் தொழிற்சங்கப் பிரதிநிதி. யூனியன் என்ற சொல் காதில் விழுந்தால் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. எழுந்துவிட்டேன்.

“பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு சரி!” என்று என் ஆங்கிலத்தில் முழங்கினேன். “கொம்பனி விழுந்தால் தொழிலாளி எங்கே போவான்? யூனியனுக்குத்தான்!”

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். காய்ச்சல்காரருக்குச் சிக் லீவு கொடுத்தார்களா, கம்பளி மூட்டை தூக்கியவனுக்கு இடைவேளை இருந்ததா என்றெல்லாம் கேட்டேன். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

ஆசிரியர் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். மிக மரியாதையாக, “விச் யூனியன்?” என்றார்.

“உங்களுடைய யூனியன்தான்!” என்றேன்.

“அப்பா! சிட் டவுன்!”

அபி அட்டைகளை மேசையில் அடித்துப் போட்டாள். அது தொழிற்சங்கம் இல்லையாம். நொடிந்துபோன ஸ்கொட்லாந்து, தன் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டு இங்கிலாந்தோடு ஒரே நாடாகச் சேர்ந்ததுதான் அந்த யூனியனாம். வாக்குப் போட்ட பிரபுக்களுக்கு என்ன கிடைத்தது, தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் யார் என்று, ஒரு அட்டையும் பார்க்காமல், என்னை மட்டும் முறைத்துக்கொண்டு ஆறு நிமிடம் விளாசினாள். ஆசிரியர் எழுதுவதை விட்டுவிட்டு வாய் பார்த்தார்.

அந்தப் பாடத்தில் அவளுக்குச் சித்திதான். ஆனாலும் பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் இன்றும் நான் அதைத் திறக்காமல் மனைவிக்கு அனுப்பிவிடுகிறேன். வேலைக் கூட்டத்துக்கு நான் வெளிக்கிட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது, “விச் யூனியன்?”

அன்று எல்லாம் முடிந்த பிறகுதான் என் மனைவி ஆஸ்பத்திரி வேலை உடுப்போடு ஓடி வந்தாள். அபி ஒரே மூச்சில் முழுவதையும் ஒப்பித்தாள். மனைவி சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கார்ச் சாவியை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அப்ப இண்டையோட உங்கட பாராளுமன்றத்தையும் கலைச்சாச்சு. கார்த் திறப்பைத் தாங்கோ.”