லிங்கராஜுக்கு ஒரு பொன்னாடை

பஸ் நின்ற பிறகுதான் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்த வேண்டும் என்று உரக்கடை மகாராஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வெடிக்காரனோ கோவில்பட்டி பஸ்ஸின் தலை தெரிந்ததுமே திரியில் நெருப்பை வைத்துவிட்டான்.

நாகலாபுரம் பஸ் நிறுத்தமே அதிர்ந்தது. மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆடுகள் பாதி டீக்கடைக்குள்ளும் பாதி மகாராஜாவின் உரக்கடைக்குள்ளும் புகுந்தன. டிரைவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் குனிந்துகொண்டார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக இறங்க முடியுமா என்று பார்த்தார்கள்.

ஒருவன் மட்டும் படிக்கட்டு வழியாக இறங்கினான். தோளில் பச்சைப் பை. புகையைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு நிதானமாக நடந்தான்.

"பாத்தியாலே செல்வகணேஷ்! இமை கொட்டலையே!" என்று பூரித்துப்போனார் மகாராஜா. "பட்டாளத்து நெஞ்சுன்னா இதுதாம்லே!"

"பீரங்கிப் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சவரு அண்ணாச்சி. நம்ம வெடியெல்லாம் அவருக்குக் கடலை வறுக்குற மாதிரி" என்றான் செல்வகணேஷ். ஃப்ளெக்ஸ் கடைக்காரன்; இன்றைக்கு கேமராவும் அவன்தான்.

"தம்பி! தம்பி லிங்கராஜ்!" மகாராஜா மாலையை ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். லிங்கராஜ் நேராகப் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தன் தாய் சீனித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். செல்வகணேஷ் எடுத்த படத்தில் ஒரு முதுகும், முதுகுக்கு மாலை போடப் போகும் மகாராஜாவும் விழுந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள் சீனித்தாய்.

"உங்க ஆளுகளுக்கு முன்வரிசையில சேர் போட்டாச்சு மதினி. நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்."

மகாராஜாவின் கவலை அவருக்கு. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவராக நிற்க அவருக்கு ஆசை. தீப்பெட்டி ஆலை முதலாளி ஆறுமுகசாமி கை காட்டாமல் அந்தப் பக்கத்தில் ஒருவரும் ஜெயித்ததில்லை. அவரை ஊர் மேடைக்கு வரவழைக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான், ராணுவத்தில் வான் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் சீனித்தாய் மகன் எல்லையில் ஒரு ட்ரோனைச் சுட்டு வீழ்த்திப் பாராட்டு வாங்கியிருக்கிறான் என்ற செய்தி வந்தது. உடனே ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். அதில் மகாராஜா ஆளுயரம். ஆறுமுகசாமி அதைவிட ஒரு சாண் கூடுதல். லிங்கராஜ், ஆதார் அட்டையில் இருக்கிற அளவில்.

ஒரு வாரமாக மகாராஜா போன் செய்தும் அவன் எடுக்கவில்லை. 'விழா எல்லாம் வேண்டாம் அண்ணாச்சி' என்று மெசேஜ் மட்டும் வந்தது.

"போன்ல பேசுனா எதிரி ஒட்டுக் கேப்பான் அண்ணாச்சி. அவியளுக்கு எல்லாமே மெசேஜ்தான்" என்று செல்வகணேஷ் விளக்கம் சொன்னான். அதை மகாராஜா ஊர் பூராவும் பரப்பினார். சொல்லச் சொல்ல அந்த ரகசியம் வளர்ந்து, லிங்கராஜ் தும்முவதற்குக்கூட டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற அளவுக்கு வந்திருந்தது.

டீக்கடை வெயிலுமுத்துதான் ஆடுகளை விரட்டிக்கொண்டே சந்தேகம் கிளப்பினார்.

"ஆமா, எத்தனை பேரைக் கொன்னாப்ல?"

"கொல்லல. மேல வந்ததை அடிச்சு, கீழ ஊரு மேல விழாமத் தடுத்திருக்கான்" என்றார் மகாராஜா.

"அப்ப ஊருக்கு ஒண்ணும் ஆகலியா?"

"ஆகல."

"ஒண்ணுமே ஆகலன்னா அதுல என்னய்யா சாதனை?"

சுற்றி நின்றவர்கள் யோசித்தார்கள். அவர்கள் யோசிப்பது மகாராஜாவுக்கு ஆகவில்லை. ஊர்வல டிராக்டரில் ஏறி மைக்கைப் பிடித்ததும் ட்ரோனை விமானமாக்கினார். மேலத் தெரு தாண்டுவதற்குள் அது இரண்டு விமானமாயிற்று. பள்ளிக்கூடத்தை அடைந்தபோது, இரண்டையும் ஒரே குண்டில் அடித்திருந்தான் லிங்கராஜ். அவனோ பக்கத்தில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான்.

"மறுத்து ஒரு வார்த்தை சொல்லுதாரா பாருங்க. அடக்கம்!" என்றான் செல்வகணேஷ்.

மேடை என்பது டிராக்டர் ட்ரெய்லர்தான். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் பசையாகிக் கிடந்தது. கீழே போட்ட சேர்களில் கனத்த ஆட்கள் உட்கார உட்கார, சேர்க்கால்கள் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. சீனித்தாய் மேடை ஓரமாக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, பேசுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை..."

"சாப்பாடுதானே? பிரியாணி வருது மதினி. போய் உக்காருங்க."

ஆறுமுகசாமி வெள்ளை வேட்டி மண்ணில் படாமல் நாலு பேர் கைத்தாங்கலாக மேடை ஏறினார். அவர் பேச்சு சூடு பிடித்தது.

"எல்லையில பீரங்கி வெடிக்குதுன்னா அதுக்கு ஆதாரம் எது? நெருப்பு! நெருப்புக்குப் பேர் போன ஊரு எது? நம்ம கோவில்பட்டி! அப்ப இந்த வெற்றியில நம்ம தீப்பெட்டிக்கும் பங்கு உண்டா இல்லையா? நான் சொல்லுதது சரிதானே தம்பி?"

லிங்கராஜ் அப்போது கூட்டத்துக்குள் இருந்த தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரல்களை வாய்க்குக் கொண்டுபோய், காலையில் சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினான்.

இளவட்டங்கள் விசிலடித்தார்கள்.

ஆறுமுகசாமியின் முகம் சுருங்கியது. "அப்போ எங்க பங்கு ஒண்ணுமே இல்லங்கியா?"

சீனித்தாய், முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கை காட்டினாள். லிங்கராஜ் பலமாக ஆமாம் என்று தலையசைத்தான்.

கைதட்டலில் ட்ரெய்லர் ஆடியது. மகாராஜாவுக்கு வேர்த்தது. பொன்னாடையை எடுத்துக்கொண்டு லிங்கராஜின் பின்பக்கமாகப் போனார். போர்த்துகிற சாக்கில் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

"தம்பி, பொன்னாடை போத்தப் போறேன். அப்படியே எந்திரிச்சு முதலாளியக் கும்பிட்டுருங்க" என்று முணுமுணுத்தபடி தலைக்கு மேலாகத் துணியை விரித்தார்.

துணி கண்ணை மறைத்ததுதான் தாமதம். லிங்கராஜ் துள்ளி எழுந்து, பின்னால் இருந்த கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். மகாராஜா பறந்து போய் ஆறுமுகசாமியின் மேல் விழுந்தார். இருவரும் சேர்ந்து மேடையிலிருந்து கரிசலுக்குள் இறங்கினார்கள்.

"இப்பிடித்தான் அடிச்சிருப்பாரு, ரெண்டையும் ஒரே குண்டுல!" என்று வெயிலுமுத்து எழுந்து நின்று கைதட்டினார். அவருடைய சந்தேகம் தீர்ந்துவிட்டது.

லிங்கராஜ் பதறிப்போய்க் கீழே குதித்து இருவரையும் தூக்கினான். "மன்னிச்சிருங்க, யாருன்னு தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆறுமுகசாமியின் வேட்டியில் வெள்ளை என்று சொல்ல ஒரு கையகலம்கூட மிச்சமில்லை. ஒரு செருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. மற்றதை அவரே கழற்றி எறிந்துவிட்டுக் காரில் ஏறினார்.

"மகாராஜா, தலைவர் தேர்தலுக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

கார் போயிற்று. பிரியாணி வந்ததால் கூட்டமும் போயிற்று. மகாராஜா ட்ரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து நின்று முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு லிங்கராஜ் விடைபெற வந்தான். கூடவே சீனித்தாய்.

அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு நின்ற தன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரு ட்ரோனை அடிச்சுட்டா பெரிய இவனாலே நீ? வெடி போட்டு வரவேத்தா திரும்பிப் பாக்க மாட்ட. போன் போட்டா எடுக்க மாட்ட. பெரிய மனுசன் கேட்டா வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்ட. நன்றி கெட்ட பய! உனக்கு விழா எடுத்தேன் பாரு, எம்புத்தியச் சொல்லணும்!"

பேசப் பேச அவருக்கு ஆத்திரம் ஏறியது. சட்டென்று திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சேர்த்தார்.

"உன்னியக் கும்பிடுதேன் சாமி! ஊரை விட்டுப் போயிரு!"

லிங்கராஜின் முகம் மலர்ந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அவனும் குனிந்து கும்பிட்டான்.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. இவ்வளவு செஞ்சிருக்கீங்க, மறக்கவே மாட்டேன்."

மகாராஜா வாயைத் திறந்தபடி சீனித்தாயைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் மகனின் கையிலிருந்த கரிசலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏசுறதா இருந்தா எழுதிக் காட்டி ஏசுங்க அண்ணாச்சி, இவன் சுட்டு வீழ்த்துனது இவன் பக்கத்துலயே வந்து வெடிச்சதுல, எம்பிள்ளைக்கு ரெண்டு காதும் போச்சு."